உள்ளங்கை வியர்வையும் சீட்டுக்கட்டும்

துணிதல் என்னும் சொல்லுக்கு முடிவெடுத்தல், அஞ்சாது இறங்குதல் என இரு பொருள் தமிழில் உண்டு. முடிவு அறிவின் வேலை, அச்சம் உணர்ச்சியின் வேலை என்று பிரித்துவைக்கும் வழக்கத்தை இச்சொல் ஏற்பதில்லை. 1990களில் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ டமாசியோவும் உடன் ஆய்ந்தோரும் நடத்திய சீட்டாட்டச் சோதனை காட்டியதும் இதுவே.

ஆடுபவர் முன் நான்கு சீட்டுக்கட்டுகள் இருந்தன. இரண்டில் சீட்டுக்கு 100 டாலர் விளையாட்டுப் பணம் கிடைத்தாலும், இடையிடையே விழுந்த தண்டம் வரவை விழுங்கிப் பத்துச் சீட்டுக்குள் 250 டாலர் நட்டத்தில் நிறுத்தியது. மற்ற இரண்டில் 50 டாலரே வந்தபோதும் தண்டம் சிறிதாகையால் 250 டாலர் மிஞ்சியது. சில முறை அடிபட்டபின், நட்டக் கட்டை நோக்கிக் கை நீளும்போதே ஆடுபவரின் உள்ளங்கை வியர்த்தது. தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு அறியப்பட்ட அந்த நுண்ணிய வியர்வை, எந்தக் கட்டு கெட்டது என்று அவர் வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்னரே தோன்றியது. கண்குழிகளுக்கு மேலே, நெற்றியின் பின்புறமுள்ள மூளைப்பகுதி சேதமுற்றவர்களுக்கோ, அறிவுத்திறன் குறையாதிருந்தும், அவ்வியர்வை வரவேயில்லை. அவர்களுள் சிலர் கெட்ட கட்டு எதுவென்று சரியாகச் சொல்லிவிட்டு, மீண்டும் அதிலிருந்தே எடுத்தனர். அறிந்தும் அஞ்ச முடியாத அந்நிலை உண்மையிலேயே இரக்கத்துக்குரியது.

எனினும், பலமுறை பட்டுப் பெற்ற அச்சமும் ஒரே காட்சியால் பற்றிக்கொண்ட அச்சமும் ஒரே தரத்தன அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர் பலர் விமானத்தைத் தவிர்த்து நெடுஞ்சாலையில் காரோட்டினர். சாலைப் பயணமோ, கடக்கும் தொலைவைக் கொண்டு கணக்கிட்டால், விமானப் பயணத்தைவிட உயிருக்குப் பலமடங்கு ஆபத்தானது. அடுத்த 12 மாதங்களில் இம்மாற்றத்தால் மட்டும் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாக மாண்டிருக்கக்கூடும் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் மதிப்பிட்டார். அவர்கள் ஒரே நாளில், ஒரே இடத்தில், உலகமே பார்த்திருக்க மடியவில்லை. வெவ்வேறு சாலைகளில், வழக்கமான விபத்துகளோடு விபத்தாகவே அச்சாவுகள் பதிவாயின.