புதுத் தண்ணி

பொதிகைத் தண்ணீர் யாரையும் படுக்கப் போடாது என்பது மலையடிவாரத்து வி.கே.புரத்துக்காரனின் பிறவித் திமிர். எனக்கும் இருந்தது. தண்ணீரைக் காய்ச்சச் சொன்ன மனைவியை ‘மெட்ராஸ்காரி’ என்று கேலி செய்தவன் நான்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பதில் 62 சதவீதம் குறைவு. மறு வருஷக் கோடையில் எங்கள் பின்கட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டியது. பிறகு ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் கிணற்றில் முழங்கால் அளவுக்கு ஊறியிருந்தது. “புதுத் தண்ணி!” என்று குதித்து, முதல் வாளியை நானே இறைத்து, மூன்று வயது மகனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். கலங்கல்கூட இல்லை.

இரண்டாம் நாள் அவனுக்கு வயிற்றால் போனது. “தண்ணி குடுத்தா இன்னும் கூடத்தாம்ல போவும்” என்றாள் ஆச்சி. அவள் அந்தக் காலத்து மனுஷி. படித்த நானும் அதைக் கேட்டுப் பகல் முழுக்க அவன் வாயை நனைக்கவில்லை. சாயங்காலம் அழுதான், கண்ணீர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். மடிப்பு உடனே விரியவில்லை. “தண்ணி குடுத்தீங்களா சார்?” நான் தரையைப் பார்த்தேன். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓஆர்எஸ், ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும். கூடவே 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை. விடியற்காலையில் ஒன்றுக்குப் போனான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாதக்கணக்கில் ஓடைக்கரையிலும் புழக்கடையிலும் சேர்ந்த அசிங்கத்தையெல்லாம் முதல் பெருமழைதான் வழித்துக்கொண்டு வந்து கிணற்றில் இறக்குகிறது. திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கவனித்த ஆய்வொன்று 2019-இல் வந்தது. அதில் கனமழையை ஒட்டிப் பேதி கூடியது, 60 நாள் காய்ந்து கிடந்த பிறகு பெய்தபோதுதான். மழை மேல் மழையாகப் பெய்தபோது அப்படிக் கூடவில்லை. வெயில் ஏறினபோதும் கூடியது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் ஒரு சொட்டுக்கூடக் காய்ச்சாமல் குடிக்கவில்லை. வெள்ளத்துக்குப் பயப்பட யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் பயப்படுவது மண்வாசனைக்கு. அது மூக்கில் ஏறினதும் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன்.

“எப்பா, மழையே இன்னும் விழல, அதுக்குள்ள அண்டாவ ஏத்தியாச்சா?” என்கிறான் மகன்.