முகம் தெரியாத துணை

போன செமஸ்டர் லீவில் நண்பனுடைய அண்ணன் லேப்டாப்பில் 'எல்டன் ரிங்' ஆடினோம். 2022-இல் வந்த ஜப்பான்காரர்களின் கேம். அதில் மெலினா என்று ஒருத்தி. தனியாக அலையும் வீரனிடம் தானாகவே வந்து, சவாரிக்குக் குதிரை தருகிறாள். பலத்தைக் கூட்டித் தருகிறாள். பதிலுக்கு, தங்கமாய் ஜொலிக்கும் பெரிய மரத்தடிவரை தன்னைக் கூட்டிப்போகச் சொல்கிறாள். அவ்வளவுதான். இடது கண் எப்போதும் மூடியே இருக்கும். யார் பெற்ற பெண் என்று சொல்லவே மாட்டாள்.

விடுவோமா நாங்கள்? "ராணி மரிக்கா பெத்த பொண்ணுடா" என்றான் ஒருத்தன். "இல்லடா, பழைய கதையில வர்ற இன்னொரு ராணி இவதான். அதான் கண்ணை மூடி வச்சிருக்கா" என்றான் இன்னொருத்தன். நானோ, "சும்மா யாரும் இவ்வளவு செய்ய மாட்டாங்க. கடைசியில கழுத்தறுப்பா பாரு" என்று டீ பந்தயம் கட்டினேன். நாங்கள் போன வழியில், வீரனுக்குப் பாதை திறக்கத் தன்னையே தீயில் கொடுத்தாள் அவள். டீ என் செலவு!

ஆண்டிமடத்தில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "நாங்க ஊமை ராணிக்கு அடிச்சுக்கிட்டது மாதிரியே இருக்கேடா!"

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் தொடராக வந்த காலம். திண்ணையில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம். காவேரியில் விழுந்த சிறுவன் அருள்மொழியைத் தூக்கிவிட்டு மறைந்தவள் யார்? இலங்கையில் ஆபத்து வரும்போதெல்லாம் கைஜாடை காட்டிக் காப்பாற்றுகிறவள் யார்? காவேரி அம்மனா, பித்துப்பிடித்தவளா? வாரா வாரம் சண்டை. கடைசியில் சுந்தர சோழருக்கு வைத்த வேலைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு செத்தாள். அன்று திண்ணையில் யாரும் பேசவில்லையாம்.

தாத்தா ஒன்று சொன்னார். "ஆதித்த கரிகாலனைக் கொன்ன சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பேரெல்லாம் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டுல இருக்கு. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ஊமை ராணி கல்கியோட கற்பனை. கொன்னவன் பேரு கல்லுல நிக்கும். காப்பாத்துனவ பேரைக் கதையிலதான் தேடணும்."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது நண்பர்களே.

இரண்டாம் ஆண்டில் பரீட்சைக் கட்டணம் கட்டக் கையில் காசில்லை. கடைசி நாளன்று தவணை கேட்கலாமென்று ஆபீசுக்குப் போனேன். "உன் பேர்ல கட்டியாச்சேப்பா" என்றார் கிளார்க். யார் கட்டியது என்று சொல்ல மறுத்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டேனா? இல்லை. தியரி போட்டேன்! இவனா, அவனா, எதற்காகக் கட்டினான், நாளைக்கு நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவானோ? மூன்று நண்பர்களோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. கேமில் மெலினாவைச் சந்தேகப்பட்ட அதே புத்திதான்.

உதவி செய்தவர் யாரென்று தேடுவது தப்பில்லை. ஆனால் என்ன உள்நோக்கம் என்றே தேடினால், கிடைத்த உதவியும் கசந்துபோகிறது.

அந்த மூவரிடமும் இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்கிறேன். பணம் கட்டிய முகம் தெரியாத நண்பரே, நான் பாஸ் செய்துவிட்டேன். இதை எப்படியும் படிப்பீர்கள். நன்றி.