டப்!

தென்னூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி டம்ளரை வாயில் வைக்கப் போகும்போது உள்ளறையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பாதிக் காபி சட்டையில். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா (வயசு 82) தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

"எல்லாம் உங்க மருமகன் பண்ற வேலை" என்றார் அத்தான். "அத்தைக்கு ஏற்கெனவே ஹார்ட் வீக். இன்னொரு தடவை டப்புன்னா பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்."

பெட்டி என்றால், அக்கா பையன் தானே கட்டிய கிடார் ஆம்ப்ளிஃபயர். அதுவும் வால்வு செட். காலமாகிவிட்ட என் அப்பாவின் ரேடியோவைப் பிரித்து எடுத்த இஎல்84 ஒன்று. பழைய ஸ்டாக்கில் தேடிப்பிடித்த இசிசி83 ஒன்று. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்தது. டிரான்சிஸ்டர் வந்து வால்வை விரட்டி எத்தனையோ வருஷமாச்சு. கிடார்காரர்கள் மட்டும் அதை விடமாட்டேன் என்கிறார்கள். பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30-ல் இதே இஎல்84தான், நாலு.

"பூஸ்ட் ஸ்விட்சைப் போட்டா மட்டும்தான் மாமா. புது ஸ்விட்ச்கூட மாத்திப் பார்த்துட்டேன்."

ஸ்விட்ச் பாவம். அது ஒரு கெபாசிட்டரை முதல் வால்வின் கேத்தோடுடன் சேர்க்கிறது. கேத்தோடில் சுமார் 1.5 வோல்ட். கெபாசிட்டரோ காலி. சேர்ந்த நொடியில் காலிக் குடம் மாதிரி மின்சாரத்தைக் குடிக்கிறது. அந்த அதிர்ச்சியை வால்வுகள் பெருக்கி ஸ்பீக்கரில் அறைகின்றன.

வைத்தியம் சுலபம். ஸ்விட்சின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்டிருக்கும். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதே அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கெபாசிட்டர் நிரம்பிவிடும். பிறகு போட்டால் அதிர்ச்சி இல்லை. கிடார் ஒலியும் மாறாது.

உடனே உள்ளே கைவிடப் போனவனைத் தடுத்தேன். ப்ளக்கைப் பிடுங்கினாலும் பவர் சப்ளை கெபாசிட்டரில் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். 'டப்' தூக்கத்தைத்தான் கெடுக்கும். இது ஆளையே கொன்றுவிடும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னை எடுத்தோம். ஐந்து நிமிஷ வேலை.

மறுபடி ஆன் செய்து, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, பூஸ்ட் ஸ்விட்சைப் போட்டான். சத்தமில்லை. அணைத்துவிட்டுப் போட்டான். ஊஹூம். ஹாலில் அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பாஸ்!

ஆனால் அம்மா எழுந்து வந்துவிட்டாள். சத்தம் கேட்டு இல்லை. சூடான வால்வின் மேல் தூசி கருகும் அந்த வாசனை. 1939-ல் தொடங்கிய, அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்த திருச்சி வானொலி, எங்கள் வீட்டில் தினமும் அந்த வாசனையோடுதான் ஆரம்பிக்கும்.

"உங்கப்பா ரேடியோ போட்டிருக்காரா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை.

"ஆமா பாட்டி" என்று கிடாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான் பையன். அம்மா உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டது அத்தான்தான்.