ரொம்பப் பெரிய வில்லன்

ஒரு வில்லன் எவ்வளவு பெரிசாக இருக்கலாம்? இதென்ன கேள்வி என்கிறீர்களா? வீடியோ கேம் பிரியர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்ட கேள்வி சார் இது!

வில்லன் பெயர் ரிட்லி. நின்டெண்டோ 1986-ல் வெளியிட்ட 'மெட்ராய்ட்' கேமில் வரும் பறக்கும் டிராகன். விண்வெளிக் கொள்ளைக்காரர்களின் தளபதி. நாயகி சாமுஸின் பெற்றோரைக் கொன்ற பாவி.

அதே நின்டெண்டோ, தன் ஹீரோ, வில்லன்களை எல்லாம் ஒரே மேடையில் மோதவிட்ட கேம்தான் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்'. 1999-ல் வந்த முதல் பாகத்திலேயே மரியோவும் சாமுஸும் உண்டு. 2001-ல் மரியோவின் எதிரி பவுசரும் சேர்ந்துகொண்டான். ரிட்லிக்கு மட்டும் இடமில்லை. 2008 பாகத்தில் வந்தான், அடித்து வீழ்த்த வேண்டிய ராட்சதனாக. 2014-ல் வந்தான், மேடையில் குறுக்கே பறந்து தொல்லை கொடுப்பவனாக. நாம் பட்டன் அழுத்தி ஆட்டிவைக்கிற வீரனாக மட்டும் வரவே இல்லை.

இயக்குநர் மசாஹிரோ சகுராயின் தயக்கம் இதுதான்: அவன் ரொம்பப் பெரியவன். சுருக்கினால் அவன் ரிட்லியாகவே இருக்க மாட்டான்.

என் அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். "ஒலிமார் கட்டைவிரல் உயரம்கூட இல்ல மாமா. அவனை இழுத்துப் பெருசாக்கி மரியோ பக்கத்துல நிறுத்தினப்ப யாராச்சும் கேட்டாங்களா? இவனை மட்டும் சின்னதாக்கக் கூடாதா?" என்பான். நியாயமான கேள்வி. இன்னொன்றும் உண்டு. 1986-ன் முதல் கேமில் ரிட்லி, சாமுஸைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். 1994-ல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்'தான் அவனைப் பூதமாக்கியது.

அப்படியானால் சிக்கல் எங்கே? சண்டை கேமில் உடம்பு பெருத்தால் கை நீளும், கூடவே அடி விழுகிற இடமும் பெருகும். பி.காம். படித்தவனுக்கு இது பழகின பற்று-வரவு. பலத்தைக் கூட்டினால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிற ராட்சதனுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அவன் அநியாயம் பண்ணலாம். நாலு தடவை செத்த பிறகு ஜெயித்தால்தான் நமக்கும் திருப்தி. ஆனால் வீரனாக வந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரும் காசு கொடுத்து கேம் வாங்கியவராயிற்றே!

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? எக்ஸ்-மென் கதைகளில் கட்டடம் உயரத்துக்கு நிற்கும் சென்டினல் ரோபோவை, கேப்காம் 1994-லேயே சுருக்கி மேடையேற்றியது. 2000-ல் வந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2'-ல் அவன்தான் பலரும் பயப்படும் ஆள். கிரகத்தை விழுங்கும் கேலக்டஸை மட்டும் அவர்கள் சுருக்கவில்லை. 2011-ல் அவனை நம் கையில் கொடுத்தபோதும் தனி ஆட்டமாகத்தான் கொடுத்தார்கள். எதிரே கம்ப்யூட்டர் மட்டும். அதனிடம் நியாயம் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

ரிட்லிக்கு விடிவு 2018 ஜூனில் வந்தது. 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' முன்னோட்டத்தில் மெகா மேனையும் மரியோவையும் துவம்சம் செய்தபடி வந்து நின்றான். டிசம்பரில் கேமும் வந்துவிட்டது. அவனைக் கூனிக் குறுகி நிற்க வைத்திருந்தார்கள். அந்தக் கூன் அவனுக்கு அழகாகவே இருந்தது, பாயப்போகிற மிருகம் மாதிரி. வாலால் குத்துகிற ஓர் அடியும் வைத்திருந்தார்கள். நுனி சரியாகப் பட்டால் எதிராளி கதி கலங்கும். ஆனால் மெதுவான அடி, குறி தப்புவது சுலபம். பற்று-வரவு சரியாகிவிட்டது!

நம் தெருக்கூத்தில் துரியோதனனாக வருபவர் நம்மைப் போல அஞ்சரை அடி ஆள்தான். கிரீடமும் புஜகீர்த்தியும் மாட்டி, திரையை விலக்கிக்கொண்டு அவர் அதட்டும்போது யாராவது டேப்பை எடுத்து அளக்கிறோமா?

ஆக, பெரிய வில்லனும் வீரனாகலாம். உயரத்தைக் குறைக்கலாம், பரவாயில்லை. தோற்கவும் தயாராக இருக்கவேண்டும். வில்லன்களுக்கு அதுதான் கஷ்டம்.