போத்தலுக்குள்ள ஒரு பெருநாள்

போர்டிங்கில் நிண்டு படிக்கிற எங்களுக்குப் பண்டிகை இரண்டு விதம். ஒன்று, பையைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏறுகிற பண்டிகை. மற்றது, கலண்டரில் சிவப்பு மையில் இருந்தும் அறையிலேயே விடிகிற பண்டிகை. முதலாவதுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நிறைய இருக்கு. இரண்டாவதை என்ன செய்யிறது என்று ஆரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றினது. இன்னும் சரியாச் சொன்னால், அப்படி விடிகிற காலையில் என்ன சாப்பிடலாம் என்பதைப் பற்றினது.

எங்கட அறையில் நாலு பேர். எல்லாரும் கலைப்பீடம். ஒருத்தி குருநகர், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹட்டன், ஒருத்தி அக்கரைப்பற்று. அறைக்குள்ள சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்கார அன்ரியின் சட்டம். கெற்றில் மட்டும் பாவிக்கலாம். கீழே இருக்கிற ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு எங்களுக்கு. எங்கட குசினி இவ்வளவுதான்.

ஓட்ஸ் இந்த அறைக்குள் வந்தது பண்டிகைக்காக இல்லை, நோன்புக்காக. றமழான் மாதத்தில் அக்கரைப்பற்றுக்காரி விடியச் சாமம் எழும்பி சஹர் சாப்பிட வேணும். அந்த நேரம் ஒரு கடையும் திறந்திராது. அதனால் முதல்நாள் இரவே ஜாம் போத்தல் ஒன்றில் ஓட்ஸையும் பாலையும் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். விடிய எடுத்து, ஒரு வாழைப்பழத்தை வெட்டிப் போட்டு, எங்களை எழுப்பாமல் போன் வெளிச்சத்தில் இருந்து சாப்பிடுவாள். காலை 8 மணி லெக்சருக்கு ஓடுகிற எங்களுக்கும் அது வசதியாத் தெரிந்தது. நோன்பு பாதி முடிவதற்குள் ஃப்ரிட்ஜ் தட்டில் நாலு போத்தல் வரிசையா நிண்டது.

பிறகுதான் சோதனை அட்டவணை வந்தது. பெருநாள் எந்த நாளில் வந்தாலும் சோதனை அதை ஒட்டியே இருந்தது. அக்கரைப்பற்றுக்குப் போய்வர வழியில்லை. அப்போது வந்த கேள்விதான் இந்தக் கட்டுரையின் கேள்வியும். மாதம் முழுக்க சஹருக்குச் சாப்பிட்ட அதே போத்தலைப் பெருநாள் காலையிலும் அவளிடம் நீட்டலாமா?

"நோன்புப் பெருநாள் எண்டாலே காலைச் சாப்பாடுதான்கா" என்றாள் அவள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஒரு மாதம் பகலில் தண்ணீர்கூடப் படாத வாய்க்கு, வெளிச்சத்தில் இருந்து சாப்பிடுகிற முதல் சாப்பாடு அது. தொழுகைக்குப் போக முன்னமே பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போவது சுன்னத். திரும்பி வந்தால் வட்டிலப்பம். அந்தக் காலைச் சாப்பாட்டைத் தவற விட்டால், பெருநாளில் மிச்சம் இருப்பது உடுப்பும் போன் கோலும்தான்.

ஓட்ஸை ஊறவைத்துச் சாப்பிடுவது இன்ஸ்டகிராம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. சூரிச்சில் வைத்தியசாலை நடத்திய மக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் என்ற சுவிஸ் வைத்தியர் 1900 ஆம் ஆண்டளவில் தன்னுடைய நோயாளிகளுக்குக் குடுத்த உணவு அது. அதில் ஓட்ஸ் கொஞ்சம்தான், துருவின அப்பிள்தான் கூட. எலுமிச்சைச் சாறும் கொட்டைகளும் சேரும். இனிப்புக்கு ரின்பால். வைத்தியர் எழுதித் தந்த சாப்பாட்டில் ரின்பால் இருந்தது என்று வாசித்தபோது எங்களுக்குப் பெரிய நிம்மதி. இரவு ஊறவைத்துக் காலையில் சாப்பிடுகிற யோசனைக்கு நாங்கள் சுவிஸ் வரைக்கும் போகவும் தேவையில்லை. தண்ணி ஊத்தி வைச்ச பழஞ்சோறும், அதோட தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் எங்கட அம்மம்மாக்களின் காலைச் சாப்பாடு. சரஸ்வதி பூசைக்கு நனைத்துச் சக்கரையும் தேங்காய்ப்பூவும் போடுகிற அவலும் நெருப்பில்லாத இனிப்புத்தான்.

நெருப்பில்லாத சாப்பாடு என்றால் எங்கட வயதுக்காரருக்கு இன்னொரு ஞாபகமும் வரும். 2022 இல் காஸ் வரிசையில் வெறும் சிலிண்டரோட நிண்டதும், அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததும். அடுப்பில்லாமல் என்ன சாப்பிடலாம் என்று அப்போது வீடு வீடா யோசித்தோம். ஆனா அது பசிக்கான யோசனை. பண்டிகைக்கு அடுப்பில்லாமல் என்ன செய்யலாம் என்பது வேற கேள்வி.

வட்டிலப்பத்தை ஓட்ஸுக்குள் கொண்டுவர முதல், வட்டிலப்பம் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேணும். கித்துள் கருப்பட்டி, கட்டித் தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய், சாதிக்காய். எல்லாத்தையும் கலந்து வடித்து ஆவியில் அவிக்கிறது. முட்டைதான் சூட்டில் இறுகி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்களிடம் ஆவி இல்லை, அதனால் முட்டையும் இல்லை. பச்சை முட்டையைப் போத்தலுக்குள் உடைத்து ஊத்துகிற வேலையை ஒருத்தரும் செய்யக் கூடாது. முட்டையின் வேலையை இங்கே ஓட்ஸ் செய்யும். ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்று ஒரு நார்ச்சத்து இருக்கு. ஈரம் பட்டால் அது இளகிப் பாலைத் தடிப்பாக்கும். கடையில் வாங்கும் தட்டை ஓட்ஸ் ஏற்கெனவே ஆவி காட்டி நசித்தது என்பதால் திரும்ப அவிக்கத் தேவையில்லை. இன்னும் கொஞ்சம் வழுவழுப்பு வேணும் என்றால் சர்பத்துக்குப் போடுகிற கசகசா ஒரு தேக்கரண்டி. சியா விதை தேடி சுப்பர்மார்க்கற் ஏறத் தேவையில்லை.

நாலு பேருக்கு அளவு இது. தட்டை ஓட்ஸ் 2 கப், கித்துள் கருப்பட்டி 100 கிராம், தேங்காய்ப்பால் 2 கப், ஏலக்காய் 6, சாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, கசகசா ஒரு தேக்கரண்டி. கருப்பட்டியைச் சீவி, கெற்றிலில் கொதித்த தண்ணீர் அரைக் கப்பில் கரைத்து, கட்டாயம் வடிக்க வேணும். தும்பும் தூசியும் அடியில் நிற்கும். அது நல்லா ஆறின பிறகு தேங்காய்ப்பாலில் கலந்து, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, ஓட்ஸும் கசகசாவும் சேர்த்துக் கிளறி மூடி ஃப்ரிட்ஜில் வைக்கிறது. 8 மணித்தியாலம் போதும். உப்பை மறக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் கருப்பட்டியின் மணம் எழும்பாது. கஜுவை விடியத்தான் போட வேணும், இரவே போட்டால் பதத்துப் போகும். கஜுவின் விலைக்குப் பயந்தால் வறுத்த கச்சானும் சரி. சின்னனா வெட்டின பேரீச்சம்பழமும் கடைசியில்தான்.

தேங்காய்ப்பால் விஷயத்தில் கவனம் வேணும். பிழிந்த பால் வெளியில் கிடந்தால் விடிய முதல் புளித்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத அறைக்காரர் இரவு ஒன்றையும் ஊறவைக்க வேண்டாம். விடிய எழும்பி, கெற்றிலில் கொதித்த தண்ணீரில் ஓட்ஸை ஒரு 15 நிமிஷம் மூடி வைத்து, அதுக்குள் தேங்காய்ப்பால் மாவைக் கரைத்தால் அதே ருசியில் முக்கால்வாசி வரும்.

இந்தச் சாப்பாடு நோன்புப் பெருநாளுக்கு எவ்வளவு பொருத்தம் என்பது செய்யும்போதுதான் விளங்கியது. பெருநாள் எப்போது என்பது முதல்நாள் இரவுதான் தெரியும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து பிறை அறிவித்தல் வரும்வரைக்கும் கருப்பட்டி பேப்பரில் சுற்றினபடியே மேசையில் கிடந்தது. பிறை தெரியாவிட்டால் இன்னொரு சஹர், வழமையான போத்தல். தெரிந்தால் வட்டிலப்பப் போத்தல். அறிவித்தல் வந்ததும் ஒருத்தி கெற்றிலைப் போட்டாள், ஒருத்தி கருப்பட்டியைச் சீவினாள். இருபது நிமிஷத்தில் வேலை முடிஞ்சுது.

சண்டை வராமலும் இல்லை. இனிப்பில்தான் வந்தது. "பனங்கட்டி போட்டா இதைவிட நல்லா இருக்கும்" என்று குருநகர்க்காரி. "வட்டிலப்பத்துக்குப் பனங்கட்டியா? எங்கட உம்மா கேட்டா என்னை ஊருக்குள்ள விடமாட்டா" என்று அக்கரைப்பற்றுக்காரி. மட்டக்களப்புக்காரிக்கு தேங்காய்ப்பாலே தேவையில்லை, எருமைத் தயிரில் ஓட்ஸை ஊறவைத்து மேலே பாணியை ஊத்த வேணும். "நான் சீனியே போட்டுக்கிறேன், ஆள விடுங்க" என்றாள் ஹட்டன்காரி. பெருநாள் யாருடையதோ அவளுடைய சொல்தான் கடைசிச் சொல் என்று அன்றைக்கே ஒரு சட்டம் போட்டோம். அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கு.

அதன்படி கிறிஸ்மஸ் போத்தல் குருநகர்க்காரியின் பொறுப்பு. நாங்கள் எடுத்துக்கொண்டது லவ் கேக்கை. ரவையின் இடத்தில் ஓட்ஸ். பசுப்பால், தேன், ஏலக்காய், கறுவா, நொறுக்கின கஜு, ரெண்டு சொட்டுப் பன்னீர். பூசணிக்காய் தோசி கிடைத்தால் சின்னத் துண்டுகளா வெட்டி மேலே. பன்னீரில் கை இறுக்கம் வேணும், கூடினால் சவர்க்காரம் மாதிரி மணக்கும். பொங்கல் போத்தலுக்கு மட்டக்களப்புக்காரி வீட்டிலிருந்து வறுத்த பயத்தம்மா கொண்டுவருவாள். அதில் ரெண்டு மேசைக்கரண்டி, சக்கரை, தேங்காய்ப்பால், பிளம்ஸ், கஜு. வறுத்த பயறின் மணம்தான் சக்கரைப் பொங்கலின் மணத்தில் பாதி என்று அதைச் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு மட்டும் போத்தல் இல்லை. ஹட்டன் கிட்ட என்பதால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள், வரும்போது முறுக்கோட வருவாள்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறம். இது வட்டிலப்பமா? இல்லை. பெருநாள் காலை போனில் உம்மா கேட்ட முதல் கேள்வியே "எத்தின முட்டை போட்ட?" என்பதுதான். முட்டை இல்லை என்றதும் ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "முட்டை இல்லாம என்ன வட்டிலப்பம்?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு தான் பிறை இரவு என்னென்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். தேங்காய் திருவி, பால் பிழிந்து, கருப்பட்டி சீவி, முட்டை அடித்து, வடித்து, கிண்ணம் கிண்ணமா அவித்து, எல்லாம் இறக்கி வைக்கும்போது சுபஹுக்கு நேரமாகிவிட்டதாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருநாள் இரவு என்றால் அப்படித்தான் என்கிற மாதிரிச் சொன்னார்.

போனை வைத்த பிறகு அக்கரைப்பற்றுக்காரி சொன்னாள், "நான் ஒரு பெருநாளும் இதைக் கண்டதில்லகா. நான் எழும்பினா வட்டிலப்பம் இருக்கும்." எங்கள் மற்ற மூன்று பேருக்கும் அதே கதைதான். கேக்குக்குப் பழம் வெட்டினது ஆர், பொங்கல் பானையைக் கழுவி வைத்தது ஆர், முறுக்குப் பிழிந்து தோள் நொந்தது ஆருக்கு என்று நாங்கள் எண்ணினதில்லை. ஓட்ஸ் ஊறும்போது நாங்கள் நித்திரை. வட்டிலப்பம் அவியும்போது உம்மா முழிப்பு. ருசியை ஏலக்காயும் கருப்பட்டியும் கொண்டுவந்து தந்துவிடும். அந்த இரவைக் கொண்டுவர எந்தப் போத்தலாலும் ஏலாது. ஆனா வீட்டில் அந்த இரவு ஒருத்தரின் தலையில் மட்டும் விழத்தான் வேணுமா என்று கேட்க எங்களால் ஏலும். அடுத்த பெருநாளுக்குத் தான் ஊரில் நின்றால் தேங்காய் திருவுவது தம்பி என்று அக்கரைப்பற்றுக்காரி வீட்டு குரூப்பில் அறிவித்திருக்கிறாள். தம்பி இன்னும் பதில் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேணும். ஓட்ஸ் போத்தல் தனி ஆளுக்கான சாப்பாடு. ஒரு போத்தல், ஒரு கரண்டி, ஒரு ஆள், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே சாப்பிடலாம். பண்டிகைச் சாப்பாடு ஒருநாளும் அப்படி இல்லை, தட்டில் மூடி நாலு வீட்டுக்குப் போகும். அதனால் பெருநாளுக்கு மட்டும் நாங்கள் போத்தலை விட்டுவிட்டுப் பெரிய பேசினில் கலக்கிறது. முதல் கோப்பை கீழே அன்ரிக்கு. சமைக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறாமல் எப்படிச் செய்தோம் என்று அவருக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்த வேண்டி வந்தது. அடுத்தது பக்கத்து அறைச் சிங்களப் பிள்ளைகளுக்கு. அவர்கள் புதுவருசத்துக்குக் கவுமும் கொக்கிஸும் தந்தவர்கள், வெறும் தட்டைத் திருப்பிக் குடுக்கக் கூடாது என்று எங்கட தட்டு இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தது.

வட்டிலப்பமே மலாய் மக்களோட இந்தத் தீவுக்கு வந்தது என்றுதான் பொதுவாச் சொல்கிறார்கள். வந்த இடத்தில் கித்துளைக் கண்டு, "வட்டில்" என்று ஒரு தமிழ்ப் பேரும் வாங்கி, இப்ப ஆரும் அதை வெளியூர்ச் சாப்பாடு என்று சொல்வதில்லை. ஓட்ஸுக்கு அப்படி ஒரு பாக்கியம் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊருக்குப் போக முடிந்தால் போங்கோ, உம்மாவோட, அம்மாவோட முழித்திருந்து தேங்காய் திருவுங்கோ. போக முடியாத வருசத்துக்கு 100 கிராம் கருப்பட்டி வாங்கி வையுங்கோ. கலக்கும்போது நாலு பேருக்கு எண்டே கலவுங்கோ, அறையில் நீங்கள் தனிய இருந்தாலும். பக்கத்து அறை எண்டு ஒன்று எப்பவும் இருக்கும்.