பனி இல்லாத மாசங்கள்

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு ஸ்கீயிங் தெரியாது. போன செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல நார்வேயில் இருக்கிற டிரான்ஹைம் போயிருந்தேன். பனியில் ஓடுறவங்க பனி இல்லாத மாசங்கள்ல என்ன பண்றாங்கன்னு அங்கேதான் பக்கத்துல இருந்து பார்த்தேன். உங்களுக்கும் இது உதவும்னு தோணுது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங்ங்கிறது மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்குற விளையாட்டு இல்லை. இரண்டு கையிலும் கோல் பிடிச்சுக்கிட்டு மேடு, பள்ளம், சமவெளி எல்லாத்தையும் சொந்த பலத்துல கடக்கணும். பனி உருகின பிறகு அதே அசைவைத் தார் ரோட்டுல பழகத்தான் ரோலர்ஸ்கி. ஒரு நீளமான சட்டம், இரண்டு முனையிலும் சக்கரம், அவ்வளவுதான். பெரும்பாலானதுல பிரேக்கே கிடையாது. ஆமா, நிஜமாத்தான்.

என் ஃப்ளாட்மேட் மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலையும் பார்க்கிறவர். அவரோட இலக்கு மார்ச்ல நடக்கிற பிர்கெபெய்னர் பந்தயம். ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரைக்கும் 54 கிலோமீட்டர். ஓடுற ஒவ்வொருத்தர் முதுகிலும் குறைஞ்சது 3.5 கிலோ பை இருக்கணும். 1206-ல் உள்நாட்டுப் போர் நடந்தப்போ, குழந்தையா இருந்த இளவரசன் ஹோக்கோனை இரண்டு வீரர்கள் பனிமலை தாண்டித் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தினாங்க. அந்தக் குழந்தையோட அடையாளமாத்தான் இந்தப் பை.

முந்தின வருஷம் ரோலர்ஸ்கியில் ஒரு இறக்கத்துல விழுந்து இவருக்கு மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியா பனியைப் பார்த்ததோட சரி. இரண்டாவது குளிர்காலத்தையும் இழக்க அவர் தயாரா இல்லை. அதனால எங்க கிச்சன் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த பிளானோட முதல் வரியில் வேகம்னோ நேரம்னோ எதுவும் இல்லை. "மார்ச்ல முழு உடம்போட ஸ்டார்ட் லைன்ல நிக்கணும்", இதுதான் இருந்தது.

அவர்கிட்ட இருந்தது வாரத்துக்கு அஞ்சு மணி நேரம். அதை எப்படிப் பிரிச்சார்னு பாருங்க. இரண்டு மணி நேரம் ஒரே நீளமான, மெதுவான பயிற்சி. எவ்வளவு மெதுவுன்னா, பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைக்கணும். ஒரு மணி நேரம் சமதளத்துல இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றித் தள்ளுற பழக்கம். ஒரு மணி நேரம் கடுமையான பயிற்சி. மிச்சம் ஒரு மணி நேரத்தை இரண்டு அரை மணியாக்கி வயிறு, முதுகு, தோளுக்கு வலு.

அந்தக் கடுமையான நாள்ல மட்டும் சக்கரமே கிடையாது. கோலை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற பீமார்கா காட்டு மேட்டுல ஏறுவார். 4 நிமிஷம் கடுமையா, 3 நிமிஷம் மெதுவா, இப்படி 4 தடவை. இந்த 4×4 முறையைப் பிரபலமாக்கினதே டிரான்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான். ஏன் இதை ரோலர்ஸ்கியில் பண்ணலைன்னு கேட்டேன். "களைச்ச காலும் பிரேக் இல்லாத சக்கரமும் ஒண்ணா இருக்கக் கூடாது"ன்னார்.

மாசத்துக்கு மாசம் அளவும் மாறும். மே, ஜூன்ல ஓட்டமும் நடையும் அதிகம், ரோலர்ஸ்கி வாரத்துக்கு ஒரே நாள், பேலன்ஸ் திரும்ப வர்றதுக்கு. ஜூலை, ஆகஸ்ட்ல நீளமான பயிற்சி கூடும். செப்டம்பர், அக்டோபர்லதான் 4×4. நாலு வாரத்துக்கு ஒரு வாரம் எல்லாமே குறையும், எவ்வளவு நல்லா போய்க்கிட்டு இருந்தாலும்.

சக்கரத்துலயும் விஷயம் இருக்கு. வேகமா உருள்ற சக்கரம் போட்டா ஜாலியா இருக்கும், ஆனா தோள் வேலை செய்யாது. பனியோட இழுவைக்குக் கிட்ட வர்ற மாதிரி மெதுவான சக்கரம்தான் சரி. கிளாசிக் வகையில ஒரு சக்கரம் பின்னாடி உருளாம பூட்டிக்கும். அதனால எப்படி உதைச்சாலும் பிடி கிடைக்கும். பனியில் அப்படி இல்லை, எடையை முழுசா ஒரு கால்ல இறக்கி உதைக்கலைன்னா வழுக்கிடும். ரோடு தப்பை மன்னிச்சிடும், பனி மன்னிக்காதுன்னு அவர் சொன்னது இதைத்தான்.

ரூட்டையும் இறக்கத்தை வச்சுத்தான் முடிவு பண்ணுவார். முடிஞ்சவரைக்கும் கிரானோசன்ல இருக்கிற ரோலர்ஸ்கி பாதை. ரோட்டுல போனா ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட். செங்குத்தா இறக்கம் வந்தா ரோலர்ஸ்கியைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நடப்பார். சின்னப் பசங்க சர்ருனு தாண்டிப் போவாங்க. அவர் பாட்டுக்கு நடப்பார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது அந்த நடைதான்.

இப்போ நான் ஃபைனல் இயர். பிராஜெக்ட், பிளேஸ்மென்ட், வீட்டுல இருந்து வர்ற போன். என் கையில இன்னும் ஆஃபர் இல்லை. உங்கள்ல பல பேருக்கும் அப்படித்தான் இருக்கும். எல்லாம் போக நமக்குன்னு மிஞ்சுறது வாரத்துக்கு அதே அஞ்சு மணி நேரமா இருக்கலாம். முழு நேர வீரருக்கு ஒரு நாள் வீணானா அடுத்த நாள் இருக்கு. நமக்கு இல்லை. அதனால நமக்குத்தான் பிளான் இன்னும் முக்கியம்னு நினைக்கிறேன்.

நான் இப்போ என் அஞ்சு மணி நேரத்தைப் பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். நீளமா, மெதுவா படிக்க இரண்டு மணி. கஷ்டமான கணக்குக்கு ஒரே ஒரு மணி, அதுவும் மூளை களைக்காத நேரத்துல. நாலாவது வாரம் பாதி. எந்த இறக்கத்துல இறங்கி நடக்கணும்ங்கிறதையும் எழுதியிருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல முழிக்கிறதில்லை, அடுத்தவனோட பேக்கேஜைக் கேட்கிறதில்லை.

நீங்களும் ஒரு பேப்பர் எடுங்க. முதல் வரியில எங்கே முழுசா போய் நிக்கணும்னு எழுதுங்க. மணிக்கணக்கு அதுக்கு அப்புறம்.