எழுந்து போகிறவன்

நான் நாடகத்தைப் பாதியில் விட்டு எழுந்து போகிறவன். நண்பர்கள் இதை என்னுடைய கெட்ட பழக்கங்களில் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள். சினிமாவிலிருந்து பாதியில் வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 'மொக்கைப் படம், இன்டர்வெல்லோட வந்துட்டேன்' என்றால் சிரிப்பார்கள், டிக்கெட் காசுக்காகக் கொஞ்சம் வருத்தப்படுவார்கள். நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தால் எழுதியவருக்குத் தெரியப்போவதில்லை. நாடகத்தில் அப்படி இல்லை. நாம் எழுந்திருப்பதை நடிப்பவர் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே அடுத்த வசனத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

சென்னையில் நவீன நாடகம் நடக்கும் பல இடங்கள் சின்னவை. எழுபது, எண்பது நாற்காலி போட்டிருப்பார்கள். முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். வாசல் சில இடங்களில் ஆடுகளத்தை ஒட்டியே இருக்கும். வெளியேறுகிறவன் வெளிச்சத்துக்குள் நாலு எட்டு வைத்துத்தான் போக வேண்டும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் நடிகர்களின் அம்மா, அப்பா, ஆபீஸ் நண்பர்கள். மீதிப்பேர் மற்ற நாடகக் குழுக்காரர்கள். அடுத்த மாதம் இவர்கள் நாடகத்துக்கு அவர்கள் வர வேண்டும். அதனால் யாரும் எழுந்திருப்பதில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பிறகு குரூப் போட்டோ.

எழுந்து போவதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயம் எனக்குத் தெரியாததல்ல. அந்த நடிகர்கள் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிவரை, இரண்டு மூன்று மாதம், யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தவர்கள். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. பல பேருக்குக் கையிலிருந்து செலவு. 'அவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்றாங்க, ஒரு மணி நேரம் உக்கார முடியாதா உனக்கு?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். கஷ்டப்படுகிறார்கள் என்பதற்காக உட்கார்ந்திருப்பது துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. நடிகரை நான் அப்படிப் பார்க்க விரும்பவில்லை.

எப்போது எழுந்திருக்கிறேன் என்பதற்கு எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான். புரியவில்லை என்றால் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் புரிந்துவிட்டது என்றால் எழுந்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மகாபாரதப் பெண்களைப் பற்றிய நாடகம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லோரும் கறுப்பு உடை. மேலிருந்து ஒரு நீளமான சிவப்புத் துணி தொங்கியது. பார்த்ததுமே அது ரத்தம் என்று தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் அதைச் சுற்றிக்கொண்டு தவழ்ந்தார்கள். பிற்பாடு அது பாஞ்சாலியின் சேலையாகும் என்பதும், முடிவில் நம்மைப் பார்த்து 'நீங்களும் அந்தச் சபையில்தானே இருந்தீர்கள்' என்ற பொருளில் ஏதாவது கேட்பார்கள் என்பதும் தெரிந்துபோனது. நாற்பதாவது நிமிடம் துணி சேலையானது. விளக்கணைந்த இடைவெளியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். துகிலுரிதல் யாருக்குத்தான் தெரியாது? கதை தெரிந்துவிட்டது என்று எழுந்தால் கூத்தில் ஒருவரும் உட்கார முடியாதே. உண்மைதான். நான் செய்யாறு பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவன். பாட்டி கோணியும் போர்வையும் எடுத்துக்கொண்டு கூட்டிப்போவாள். கூத்து விடியவிடிய நடக்கும். கட்டியங்காரன் வந்து போனதும் நான் தூங்கிவிடுவேன். சுற்றிலும் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், சிலர் டீக்கடைப் பக்கம் நிற்பார்கள், வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. முகவீணைச் சத்தம் எல்லோரையும் ஒரு கயிற்றில் பிடித்து வைத்திருப்பதுபோல இருக்கும். நேரம் வந்ததும் பாட்டி தோளைத் தட்டுவாள். 'எழுந்துக்கடா, துச்சாதனன் வந்துட்டான்.'

வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, திரௌபதியைக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். என்ன நடக்கப்போகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு இந்த மனிதர் மேல் அது எப்படி இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வேடம் கட்டியவருக்கே தெரியாது. அந்தத் தெரியாமைக்காகத்தான் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். சென்னை அரங்கில் சிவப்புத் துணிக்கு என்ன ஆகும் என்பது ஒத்திகையிலேயே முடிவாகிவிட்டது. அன்று இரவு நடப்பதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

போவதும் வருவதும் நம் ஊர்க் கலைகளுக்குப் புதிதில்லை. தெற்கே ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் டான்ஸ்காரரும் முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி கலையும். வள்ளி திருமணத்தில் தர்க்கம் கேட்கிறவர்கள் மட்டும் நள்ளிரவுக்கு மேல் நெருங்கி உட்காருவார்கள். அந்த நடிகர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திப்பவர்கள். கூட்டம் நெளிந்தால் பாட்டைக் குறைப்பார்கள், ரசித்தால் தர்க்கத்தை நீட்டுவார்கள். சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனைப் பார்த்து நடக்கிறவர்களைப் பற்றி மிருதங்க வித்வான்கள் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறார்கள்.

இருட்டில் வாயை மூடி, முகத்தை நேராக வைத்து, முடியும்வரை அசையாமல் உட்காரும் ஒழுக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1876-இல் பேராய்த்தில் வாக்னர் தன் இசைநாடக அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் பகுதியை இருளாக்கினார். பார்ப்பவரின் கவனம் முழுவதும் மேடைக்கே சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அதே ஜெர்மனியில் பின்னால் வந்த பிரெக்ட், சுருட்டுப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பார்க்கும் பார்வையாளரை விரும்பினார். நம் நவீன நாடகக்காரர்கள் பிரெக்டைப் படிக்கிறார்கள். அரங்கத்தை மட்டும் வாக்னர் மாதிரி நடத்துகிறார்கள்.

எழுந்து போனவர்களின் சரித்திரத்தில் பெக்கட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' முக்கியமானது. 1955-இல் லண்டனில் அது மேடையேறியபோது பலர் வெளியேறினார்கள். 1956 ஜனவரியில் மயாமியில், வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் நாடகம் என்று விளம்பரம் செய்ததை நம்பி வந்தவர்கள் இடைவேளையோடு பெருமளவு கிளம்பிவிட்டார்கள். 1957 நவம்பரில் அதே நாடகத்தை கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் முன் போட்டார்கள். பெண்களும் தமாஷும் வரும் என்று காத்திருந்த மூன்று தடியர்கள், விளக்கு மங்கியதும் நழுவிவிடலாம் என்று சத்தமாகவே முடிவு செய்தார்களாம். இரண்டு நிமிடம் அதிகமாகப் பார்த்துவிட்டார்கள். முடியும்வரை போகவில்லை. சிறைப் பத்திரிகையில் வந்த செய்தி இது.

மயாமிக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு விற்கப்பட்ட சரக்கு வேறு. ஆனால் அவர்கள் எழுந்தது புரியாததால். நான் எழுவது அதற்கு நேர் எதிரான காரணத்துக்காக. புரியாத இடத்தில் மேடைமேல் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

எழுந்து போவதற்கும் மரியாதை உண்டு. நான் ஓர நாற்காலியில்தான் உட்காருவேன். காட்சி மாறும்போது மட்டும் எழுவேன். ஒருவர் தனியாக நின்று பேசிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு மோசமாக இருந்தாலும் அசைய மாட்டேன். இருட்டில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வழி தேடுவது பாவம். வந்திருப்பவர்கள் இருபதுக்குக் கீழே என்றால், அன்று கடைசிவரை இருப்பேன். அது நாடகத்துக்காக அல்ல, மனுஷத்தனத்துக்காக.

சிவப்புத் துணி நாடகத்தில் பாஞ்சாலியாக நடித்த பெண் இரண்டு நாள் கழித்து போன் செய்தார். முன்பே கொஞ்சம் பழக்கம் உண்டு.

'அண்ணா, நீங்க எழுந்து போனதப் பாத்தேன்.'

'சரிம்மா.'

'செம கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துல அடுத்த சீன் நல்லா வந்துச்சுன்னு நினைக்கிறேன்.' சிரித்தார். பிறகு கேட்டார்: 'எந்த இடத்துல எழுந்தீங்க?'

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

'அந்த இடம் ரிகர்சல்லயே எனக்கு ஒப்பல. டைரக்டர்கிட்ட சொல்லத் தெரியல. நாடகம் முடிஞ்சதும் எல்லாரும் சூப்பர் சூப்பர்னு கட்டிப் பிடிச்சாங்க. எந்த இடம் நல்லாருந்துச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல.'

அடுத்த காட்சிக்கு மறுபடி வருகிறேன், அந்த இடம் என்ன ஆகிறது பார்க்கலாம் என்றேன். அடுத்த காட்சி நடக்கவே இல்லை. ஹால் வாடகை, விளக்கு வாடகை, ஒருவருக்கு பெங்களூருக்கு மாற்றல், இன்னொருவருக்குக் கல்யாணம். மூன்று மாத ஒத்திகை இரண்டே இரவில் முடிந்துபோனது. கூத்துக்காரர்கள் ஒரு பருவத்தில் ஊர் ஊராக ஆடுகிறார்கள். ஓர் ஊரில் கூட்டம் தூங்கிய இடத்தை அடுத்த ஊரில் சரிசெய்துகொள்ள முடியும். இங்கே அதற்கு அடுத்த ஊரே இல்லை. தமிழ் நவீன நாடகத்தின் நோய் மோசமான நாடகங்கள் என்று நான் நினைக்கவில்லை. மோசமான நாடகம் எல்லா மொழியிலும் உண்டு. ஒரு நாடகம் தன் மோசத்திலிருந்து மீண்டு வர இங்கே இரவுகள் போதவில்லை. இருக்கிற அந்த இரண்டு இரவையும் நாம் கைதட்டியே தீர்த்துவிடுகிறோம்.

அதனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஓசி பாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பாஸில் போனால் கால் எழும்பாது. போன மாதம் ஒரு சின்ன அரங்கில் ஓர நாற்காலி கிடைத்தது. இரண்டு பேர், ஒரு ஏணி, பேச்சே மிகக் குறைவு. முக்கால் மணி நேரம் ஒன்றும் புரியவில்லை. முடியும்வரை இருந்தேன்.